எங்கும் இணையாத குமிழ்

அந்தப் பட்டறையின் கதவில் இரண்டே வரிகள் எழுதி ஒட்டப்பட்டிருந்தன: 'ஆம்ப் உள்ளே வரலாம். கிட்டார் வெளியே நிற்கட்டும்.' முதன்முறை வருபவர்கள் இதை நகைச்சுவை என்று எண்ணித் தோளில் கிட்டார்ப் பையுடன் உள்ளே கால் வைப்பார்கள். வைத்த காலை அப்படியே திரும்ப எடுப்பார்கள். பட்டறைக்காரி இந்த ஒரு விஷயத்தில் விளையாடுவதில்லை. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப்களைப் பழுதுபார்ப்பதில் பதினாறு ஆண்டுகளைச் செலவிட்டு அவள் கண்டறிந்த உண்மை இதுதான்: ஓர் ஆம்ப் சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மூன்று நொடி வாசித்தால் போதும், ஆனால் மூன்று நொடியில் நிறுத்தும் கிட்டார்க்காரன் இன்னும் பிறக்கவில்லை.

விதிக்கு மூலகாரணம் அவளுடைய கொழுந்தன்தான். ஒருமுறை அவன் பட்டறை முக்காலியில் அமர்ந்து ஒரே நான்கு ஸ்வரங்களை இரண்டு மணி நேரம் வாசித்து, ஒவ்வொரு முறையும் "கேக்குதா அண்ணி? கேக்குதா?" என்று விசாரித்ததில், வரிசையில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் ஆம்பைப் பழுதோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை கதவில் காகிதம் ஏறியது. சோதனைக்கென்று பட்டறையிலேயே ஒரு கிட்டார் வந்து சேர்ந்தது. சிவப்புச் சாயம் உரிந்த அந்தக் கிட்டாரில் மூன்று கம்பிகள் மட்டுமே உண்டு. ஆறும் இருந்தால் யாராவது பாட்டு வாசித்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

பட்டறை முன்பு கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்தது. நடுவே ஒரு மெல்லிய பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவள் கணவனின் தச்சுவேலை. ஆம்புக்கு மரப்பெட்டி செய்வது அவன், உள்ளிருக்கும் வால்வுகளுக்கும் கம்பிகளுக்கும் பொறுப்பு அவள். வால்வு ஆம்பின் உள்ளே நானூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஒரு பங்கு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களுக்குள் பதுங்கி, தொடுகிற விரலுக்காகக் காத்திருக்கும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் இடையில் இதயத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே ஓடுகிற ஆம்பினுள் கைவைக்கும்போது இடது கை பைக்குள்தான் இருக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதல் பாடம். பதினாறு ஆண்டுகளில் அது அவளிடம் பாடமாக இல்லாமல் சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது. வரிசையில் நிற்கும்போதும், வாதம் செய்யும்போதும், மாமியாரிடம் திட்டு வாங்கும்போதும் இடது கை தானாகப் பைக்குள் போய்விடும். அவளுடைய எல்லா உடைகளிலும் இடப்பக்கம் ஒரு பை தைக்கப்பட்டிருந்தது.

"எங்க கல்யாண போட்டோவுலகூட இவளுக்கு ஒரு கைதான்" என்று தச்சன் விருந்தாளிகளிடம் சொல்வான். "மாலை போட்டது யாருன்னே எனக்கு இன்னும் சந்தேகம்."

அந்தத் திங்கட்கிழமை மாலை கொழுந்தன் தன் ஆம்பை இரு கைகளாலும் தழுவியபடி மூச்சிரைக்க உள்ளே வந்தான். ஐந்து வாரத்தில் இது மூன்றாம் வருகை.

"வா. பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டியா? இன்னைக்கு என்ன, காய்ச்சலா, வயித்து வலியா?"

"சிரிக்காதீங்க அண்ணி. இரையுது."

"எங்க இரையுது?"

"வீட்ல."

"இங்க?"

"இங்க இரையாது. அதான் எனக்கும் புரியல."

"டாக்டர் மூஞ்சியப் பார்த்ததும் நோய் தெளியுது. நல்ல பிள்ளைதான்."

ஆம்ப் அவனைவிடப் பதினெட்டு வயது மூத்தது. ஐந்து வாரங்களுக்கு முன் அவள் அதன் வற்றிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, பழைய இரண்டு முனை வயரை நீக்கிவிட்டு, எர்த் உள்ள மூன்று முனை வயரைப் பொருத்தித் தந்திருந்தாள். ஆம்ப் வீடு திரும்பிய அன்றே இரைச்சல் தொடங்கிற்று என்பது அவன் புகார். "நீங்க கை வச்ச நாள்லேருந்துதான் அண்ணி" என்று அவன் சொல்லும்போது குற்றச்சாட்டைவிட வருத்தமே அதிகம் ஒலிக்கும். அவளுக்கு அது இன்னும் எரிச்சலூட்டியது.

அவள் மூன்று கம்பிக் கிட்டாரைச் செருகினாள். ஒலியை முழுக்க ஏற்றினாள். ஆம்ப் தூங்கும் பூனைபோல் மெல்ல மூச்சுவிட்டது, அவ்வளவுதான். இடது கையைப் பைக்குள் விட்டு, ஒரு மரக்குச்சியால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். எந்த வால்வும் முனகவில்லை.

"எங்க, பாம்புக்காது, நீயே சொல்லு. இரையுதா?"

பாம்புக்காது என்பது தச்சன் தன் தம்பிக்கு இட்ட பெயர். பக்கத்துத் தெருவில் யாரோ குண்டூசி போட்டாலும் இவன் எழுந்து உட்காருவான் என்பான். கொழுந்தன் ஒலிபெருக்கியின் துணிமேல் காதை வைத்துக் கேட்டான்.

"இரையல" என்றான், தோற்றுப்போன குரலில்.

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து தச்சன் தலைநீட்டினான். புருவத்தில் மரத்தூள். "டேய், போன தடவை நானே உன் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஊசிமுனை சத்தம்கூட இல்ல."

"நீங்க கிட்டார் மாட்டாம போட்டீங்க அண்ணே."

"உன் கிட்டாரத் தொட்டாதான் கைய முறிச்சிருவியே."

"கிட்டார் சரியா இருக்கா?" என்று பட்டறைக்காரி கேட்டாள்.

கொழுந்தனின் முகம் இறுகியது. "கிட்டாரப் பத்தி மட்டும் பேசாதீங்க அண்ணி. ஆம்ப் இங்க இருந்த வாரம் பொழுது போகல. உக்காந்து முழுசா கழட்டி, துடைச்சு, பாலிஷ் போட்டு மாட்டி வச்சிருக்கேன். முகம் பார்க்கலாம் அதுல."

"அதுல முகம் பாரு, வாசிக்காத. இரைச்சல் தன்னால நின்னுரும்" என்று அவள் சிரித்தாள். பாலிஷைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்ததில், அவன் அந்தக் கிட்டாரைக் கழற்றினான் என்ற செய்தி அவளுக்கு உறைக்கவே இல்லை. கதவில் ஒட்டிய விதியும் தன் வேலையைச் செய்தது. பதினாறு ஆண்டுகளாக ஆம்பை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு நோய் எப்போதும் ஆம்பில்தான் இருக்கும், அல்லது மனிதனில்.

கொழுந்தன் சிரிக்கவில்லை. முக்காலியில் அமர்ந்து கைகளைப் பிசைந்தான்.

"சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை அண்ணி. அந்தப் பாடகி கண்டிப்பா சொல்லிட்டாங்க. 'நான் ஒரு பாட்டு பாடறேன், உங்க பெட்டி ஒரு பாட்டு பாடுது. சனிக்கிழமையும் அது பாடினா, நான் வேற ஆளப் பார்த்துக்கறேன்'னு. அவங்க பாட்டுல பாதி மௌனம்தான். அந்த மௌனத்துல எல்லாம் என் ஆம்ப் போய் உக்காந்துக்குது. அந்தக் குழுவுல ஒரு இடம் கிடைக்க ரெண்டு வருஷம் அலைஞ்சேன். உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு ஆண்டுகளின் புலம்பல்களையும் அவள் இந்த மேசையருகில்தான் கேட்டிருந்தாள். ஆனால் பழுதே இல்லாத ஆம்பில் எதைப் பழுதுபார்ப்பது?

"ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணலாம்" என்றாள், சற்றே இளகிய குரலில். "உன் வேலையில இந்த மாதிரி ஆளுங்க வருவாங்கல்ல? அவங்கள என்ன பண்ணுவ?"

கொழுந்தன் பகலில் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பவன். 'முதல்ல போட்டது தெளிவா, இது தெளிவா?' என்று நாளொன்றுக்கு நூறு முறை கேட்பது அவன் தொழில்.

"வருவாங்களே. எத மாட்டினாலும் தெரியலம்பாங்க. கடைசியா பவரே இல்லாத வெறும் கண்ணாடிய மாட்டி, 'இது புதுசு, பாருங்க'ன்னு சொன்னா போதும். 'ஆ, இப்ப பளிச்சுனு தெரியுது'ம்பாங்க. எல்லாம் மனசுதான் அண்ணி."

பட்டறைக்காரி தன் கணவனைப் பார்த்தாள். தச்சன் அவளைப் பார்த்தான். மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனவர்களுக்கு இதற்குமேல் உரையாடல் தேவைப்படவில்லை.

"புதன்கிழமை வந்து எடுத்துட்டுப் போ" என்றாள் அவள். "ஒரு புது கண்ட்ரோல் வச்சுத் தரேன். இரைச்சலுக்குன்னே தனியா."

*

ஆம்பின் முகப்பில், யாரோ பழைய உரிமையாளர் எதையோ பொருத்திப் பிறகு கழற்றிவிட்ட ஒரு வெற்றுத் துளை இருந்தது. அதில் அவள் ஒரு பழைய வால்யூம் கண்ட்ரோலைச் செருகி, மரையை இறுக்கினாள். அதன் மூன்று கால்களிலும் ஒரு கம்பிகூடப் பற்றவைக்கவில்லை. வெறுங்கையால் முழம் போடுவது என்பார்களே, அதன் உலோக வடிவம் அது.

குமிழைத் தச்சன் கொடுத்தான். மேசை இழுப்பறைகளுக்கென்று வாங்கி மிஞ்சிய ஒரு பித்தளைக் கைப்பிடி. அடியில் துளையிட்டு, பக்கவாட்டில் சிறு திருகாணி வைத்துத் தண்டோடு இறுக்கினான். ஆம்பின் மற்ற குமிழ்கள் எல்லாம் கறுப்பு பிளாஸ்டிக். இது ஒன்று மட்டும் மணப்பெண்ணைப்போல் மின்னியது. கீழே அவள் தன் அழகான கையெழுத்தில் ஒரு தாளில் 'அமைதி' என்று எழுதி ஒட்டினாள். சுற்றிலும் ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள்.

"பாவம்டி" என்றான் தச்சன், சிரிப்பை அடக்கியபடி.

"என்ன பாவம்? மனசுல இருக்கற நோய்க்கு மனசுக்குள்ளயே மருந்து. அவன் சொல்லிக் கொடுத்த வைத்தியம்தானே."

புதன்கிழமை கொழுந்தன் ஆம்பை எடுத்துச் சென்றான். வியாழக்கிழமை காலை அவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி! வேலை செய்யுது!"

தச்சன் வாயில் இருந்த காபியை விழுங்க முடியாமல் சன்னல் பக்கம் ஓடினான்.

"அப்படியா?" என்றாள் அவள், நடுங்காத குரலில். "எத்தனைல வச்சிருக்க?"

"அதான் அண்ணி கொஞ்சம் விசித்திரமா இருக்கு. எத்தனைல வச்சாலும் ஒண்ணுதான். கையால பிடிச்சிருந்தா இரைச்சல் போயிடுது. கைய எடுத்தா திரும்ப வருது."

"பிடிச்சிருந்தா போயிடுதா?"

"சுத்தமா."

"பாசம்டா அது. நீ தொட்டா அழாம இருக்கு."

"விளையாடாதீங்க அண்ணி. ஒரு கையால அதப் பிடிச்சுக்கிட்டு நான் எப்படி வாசிக்கறது? கைய எடுத்தாலும் நிக்கற மாதிரி பண்ண முடியுமா?"

"அது அடுத்த மாடல்" என்று சன்னலருகில் இருந்து தச்சன் கூவினான்.

அன்று முழுவதும் பலகைச் சுவரின் இருபுறமும் சிரிப்பு ஓயவில்லை. அவன் சீவுளியை இழுப்பான். நடுவில் நிறுத்தி, "பிடிச்சிருந்தா போயிடுதாம்" என்பான். அந்தப் பக்கம் சால்டரிங் அயர்ன் தாங்கியில் வைக்கப்படும் ஓசை கேட்கும், பிறகு அவள் சிரிப்பு.

வெள்ளிக்கிழமை மாலை இரண்டாவது அழைப்பு வந்தது.

"அண்ணி, வழி கண்டுபிடிச்சுட்டேன்!" கொழுந்தனின் குரலில் வெற்றிக் களிப்பு. "ஆம்பத் தரையில வச்சு, முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து, வலது செருப்பக் கழட்டிட்டு, கட்டை விரலால அந்தக் குமிழத் தொட்டுக்கிட்டே வாசிச்சேன். அஞ்சு பாட்டு. ஒரு இரைச்சல் கிடையாது. நாளைக்கும் அப்படியே வாசிக்கப் போறேன். கால் கொஞ்சம் மரத்துப் போகுது, அவ்வளவுதான்."

இம்முறை பட்டறைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண்ணுக்குள் ஒரு காட்சி நின்றது: கண்டிப்பான ஒரு பாடகியின் முன்னால், கண்ணாடிக்கடையில் மரியாதையாக வேலைபார்க்கும் முப்பது வயது மனிதன், ஒற்றைக் காலை நீட்டி, எதனோடும் இணையாத ஓர் இழுப்பறைக் கைப்பிடியைக் கால் விரலால் தடவிக்கொண்டு அமர்ந்திருக்கிறான், இரைச்சலோ இவன் மனத்தில் மட்டும் நின்றிருக்கிறது, பாடகியின் செவியில் ஓயாமல் ஒலிக்கிறது.

"என்னங்க" என்றாள் தொலைபேசியை வைத்துவிட்டு. "அந்தப் பாடகிக்கும் இரைச்சல் கேட்டுச்சுல்ல?"

தச்சன் உளியைக் கீழே வைத்தான். "ஆமா. அவங்கதானே திட்டினாங்க."

"அப்ப அது மனசுல இல்ல."

இந்த எளிய தர்க்கத்தை அடைய அவர்களுக்கு ஐந்து நாட்கள் ஆகியிருந்தன.

*

ஒத்திகை அறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரங்கள் சனிக்கிழமை ஓய்விலிருந்தன. படிக்கட்டில் மையின் வாசனை ஏறியிருந்தது. தம்பதியர் மூச்சுவாங்க மேலே வந்தபோது கொழுந்தன் ஏற்கெனவே நாற்காலியில் அமர்ந்திருந்தான். வலது செருப்பு ஓரமாக நின்றது. எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு பாடகி. நரை ஓடிய தலையும் நிமிர்ந்த முதுகும் கொண்ட பெண்மணி. வகுப்பில் பேசிய மாணவனைப் பார்ப்பதுபோல் அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் பட்டறைக்காரி.

"வாங்க அண்ணி! நீங்களே வந்துட்டீங்களா?" அவன் பாடகியிடம் திரும்பினான். "இவங்கதான் இந்தக் குமிழ வச்சுக் கொடுத்தது."

அதைவிட மோசமான அறிமுகம் அவளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. அவள் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கி, பின்பலகையைக் கழற்றி, கைவிளக்கால் உள்ளே காட்டினாள். "பாரு. மூணு கால். ஒரு கம்பிகூடக் கிடையாது. இது ஒண்ணும் பண்ணாது தம்பி. உன்னக் கிண்டல் பண்ண வச்சேன். தப்புதான்."

கொழுந்தன் குனிந்து பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்தன.

"வெறும் கண்ணாடி" என்றான் மெதுவாக.

"வெறும் கண்ணாடிதான்."

"அப்ப இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவன் பலகையை மூடி, பிளக்கைச் செருகி, கிட்டாரை மடியில் எடுத்தான். வால்வுகள் சூடேறின. பிறகு அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் தேனீக்கூட்டம் கிளம்புவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. பாடகியின் புருவங்கள் உயர்ந்தன. கொழுந்தன் கால் கட்டை விரலால் பித்தளையைத் தொட்டான். இரைச்சல் அடங்கியது. விரலை எடுத்தான், எழுந்தது. தொட்டான், அடங்கியது.

தச்சன் வாய் திறந்தபடி நின்றான். "ஏம்மா, இது நிஜமாவே நிக்குதே."

பட்டறைக்காரி தரையில் மண்டியிட்டாள். இடது கை பழக்கப்படி பைக்குள் போயிற்று. வலது கையால் குமிழைப் பிடித்தாள். இரைச்சல் அப்படியே இருந்தது.

"என்னத் தெரியல அதுக்கு" என்றாள். "உன்னத்தான் தெரியுது."

"பாசம்தான் அண்ணி. நீங்கதானே சொன்னீங்க."

அவள் நிமிர்ந்து அவனை உற்றுப் பார்த்தாள். உரிந்த சிவப்புக் கிட்டாரில் இல்லாத இரைச்சல். கிட்டார் மாட்டாதபோதும் இல்லாத இரைச்சல். குமிழின் கால்களில் கம்பி இல்லைதான். ஆனால் அதன் உடல் தகரச் சட்டத்தில் மரையிட்டு இறுக்கப்பட்டிருக்கிறது, சட்டம் எர்த்தில் இருக்கிறது. ஆம்பின் முகத்தில் தொடக்கூடிய வெற்று உலோகம் அது ஒன்றுதான். ஓடுகிற ஆம்பின் முன்னால் பதினாறு ஆண்டுகளில் எவரும் கண்டிராத காரியம் ஒன்று அப்போது நடந்தது. வலது கை குமிழிலேயே இருக்க, அவளுடைய இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. வந்து, கொழுந்தனின் சிவந்த காதைப் பிடித்துத் திருகியது.

இரைச்சல் நின்றது.

விட்டாள், எழுந்தது. மறுபடி திருகினாள், நின்றது.

"ஐயோ, வலிக்குது அண்ணி!"

"வலிக்கட்டும். இந்தக் காதுக்கு நான் மன்னிப்புக் கேட்கணும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் திருகிக்கறேன்." அவள் குரலில் சிரிப்பும் வெட்கமும் கலந்திருந்தன. "கிட்டாரக் கொடு."

கொழுந்தன் கிட்டாரை மார்போடு அணைத்தான்.

"கொடுடா" என்றான் தச்சன்.

கொடுத்தான். அவள் அதைக் கவிழ்த்து, மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே, பளபளவென்று துடைக்கப்பட்ட குழியில், மயிரிழை போன்ற ஒரு கறுப்புக் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. கிட்டாரின் கம்பிகள் அனைத்தும் கட்டப்பட்டிருக்கும் உலோகப் பாலத்தை எர்த்தோடு சேர்க்க வேண்டிய கம்பி அது. அது சேர்ந்திருக்கும்வரை, வாசிப்பவன் கம்பிமேல் விரல் வைத்ததும் அவன் உடம்பு பிடித்துத் தரும் இரைச்சல் எல்லாம் தரைக்கு இறங்கிவிடும். அறுந்தால் அவனே ஒரு நடமாடும் ஆன்டெனா. அவன் பித்தளையைத் தொட்டபோதும், அவள் அவன் காதைத் திருகியபோதும், அந்த இரைச்சல் குமிழ் வழியாகத் தரைக்கு இறங்கியிருந்தது.

"யாரு துடைச்சது?" என்று கேட்டாள்.

கொழுந்தன் கூரையைப் பார்த்தான்.

"பாலிஷ் போட்டது யாரு?"

"ஆம்ப் உங்க பட்டறையில இருந்தப்ப நானும் கிட்டாரோட அங்கயே வந்து உக்காந்திருப்பேன்" என்றான் அவன், அசடு வழிய. "நீங்கதான் கிட்டார உள்ள விடமாட்டேங்கறீங்க. வீட்ல சும்மா இருந்தேன், கழட்டினேன்."

கொழுந்தன் கம்பியை அறுத்தது உண்மை; அறுந்த கம்பி ஐந்து வாரமாக அவள் கண்ணில் படாமல் தடுத்தது அவளே எழுதி ஒட்டிய காகிதம் என்பதும் உண்மை. கொண்டுவந்த கருவிப்பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்தாள். அது சூடேறும்வரை தச்சனின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளி ஈயம், ஓர் ஊதல், நான்கு திருகாணிகள்.

கிட்டார் மீண்டும் கொழுந்தனின் மடிக்கு வந்ததும் பாடகி ஒலிவாங்கியை அணுகி, அறிவிப்பின்றிப் பாடத் தொடங்கினார். மிக மெல்லிய பாட்டு. ஒரு வரி பாடுவார். பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தின் விளிம்பில்தான் கிட்டாரின் இரண்டு ஸ்வரங்கள் வந்து விழ வேண்டும். முதல் மௌனம் வந்தது. கொழுந்தனின் பாதம் தன்னையறியாமல் குமிழை நோக்கி நகர்ந்து, பாதிவழியில் நின்று, திரும்பியது. கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அறைக்குள் வேறெந்த ஒலியும் இல்லை. இரண்டு ஸ்வரங்கள் விழுந்தன.

பாட்டு முடிந்ததும் பாடகி தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார்.

"செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகை" என்றார் நிமிராமல். "செருப்பு போட்டுக்கிட்டே வரலாம்."

படியிறங்கும்போது பட்டறைக்காரி குமிழைக் கழற்றித் தருகிறேன் என்றாள். கொழுந்தன் ஆம்பை இறுகத் தழுவிக்கொண்டு, முடியாது என்றான். அதன்மேல் யாராவது கை வைத்தால் குழுவில் தன் இடத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு என்றான்.

"அதுல ஒண்ணுமே இல்லடா."

"இருக்கட்டும் அண்ணி. ஏழுல வச்சா எனக்குக் கொஞ்சம் நல்லா கேக்குது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டலா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக் கதவில் புதிய காகிதம் ஒட்டப்பட்டது. 'கிட்டாருடன் வரவும்' என்றது முதல் வரி. இரண்டாம் வரியைத் தச்சன் சேர்த்திருந்தான்: 'நான்கு ஸ்வரங்களுக்கு மேல் வாசிப்பவர்களின் காது திருகப்படும்.'